முடியாத கூட்ஸ் வண்டி

ஆலஞ்சேரி ரயில்வே கேட்டை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்ஸ் வண்டிக்காக மூடினார்கள். அந்த வண்டி ஏழு வருஷம் போய்க்கொண்டே இருந்ததால் கேட்டையும் ஏழு வருஷம் திறக்கவில்லை.

ஆலஞ்சேரியை ஊர் என்பதா நகரம் என்பதா என்று அங்கே இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. பெருநகரத்துக்கு பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம், பஸ்ஸைப் பிடிப்பதற்கு இன்னொரு மணி நேரம். ஏரியில் பாதியை மனைகளாக்கி விற்றுவிட்டு மீதியை ஏரி என்றே விட்டுவைத்திருந்தார்கள். அலுவலக வாசலில் பேரூராட்சி என்று எழுதியிருந்ததை அழித்து நகராட்சி என்று எழுதி, அதையும் அழித்து மாநகராட்சி என்று எழுதியிருந்தார்கள். நல்ல மழை பெய்தால் மூன்று பெயரும் சேர்ந்து தெரியும். ஊரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஒற்றைத் தண்டவாளம் போயிற்று. கேட்டில் காத்துக் கிடந்த ஜனங்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய மேம்பாலத்துக்கு இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, சாலை போட்டு, விளக்குக் கம்பம்கூட நட்டுவிட்டு, தண்டவாளத்துக்கு நேர் மேலே வரவேண்டிய துண்டை மட்டும் கட்டாமல் விட்டிருந்தார்கள். அந்தத் துண்டு வேறு இலாகாவைச் சேர்ந்ததாம்.

இந்த ஆலஞ்சேரிக்கு உலகநாதனும் சண்முகவடிவும் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உலகநாதனுக்குத் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வீடு கிடைத்ததோ கிழக்கே. பிள்ளைகள் இல்லாததால் சாமான் குறைவு, ஒரே குட்டியானை வண்டியில் குடித்தனம் முழுக்க வந்து இறங்கிவிட்டது. வடிவுக்கு இந்த ஊர் பார்த்த நிமிஷத்திலேயே பிடிக்கவில்லை. "இங்க எல்லார் மொகமும் பஸ்ஸுக்கு ஓடுத மொகமாவே இருக்கு," என்றாள். உலகநாதன் சாமான் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு படி இறங்கிவிட்டு, திரும்பி ஏறிப் போய் இன்னொரு தடவை இழுப்பார். தெருமுனை வரை வந்துவிட்டு மறுபடியும் போவார். மூன்றாவது தடவை இழுத்த பிறகுதான் மனுஷருக்கு முகம் தெளியும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வடிவைப் பார்த்து சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, தலை வலிக்கிறதா என்று கேட்டதில்லை, சேலை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. அவள் கோயிலுக்குப் போய்வந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாலும், அவள் அம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தபோதும், அவர் கேட்டது ஒன்றுதான்: "பூட்ட இழுத்துப் பாத்தியா?"

அந்த வெள்ளிக்கிழமை வாடகை வீட்டுப் பூட்டு துருப்பிடித்து மக்கர் செய்தது. மேற்குப் பக்கம் கேட்டை ஒட்டி அன்சாரி பாயின் ஹார்டுவேர் கடை இருந்தது. நல்ல பித்தளைப் பூட்டாக ஒன்று வாங்கலாம் என்று இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். வந்து சேரவும் கேட் மூடவும் சரியாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாக் கேட்டிலும் எல்லாரும் செய்வதைப் போலக் குனிந்து, கம்பிக்கு அடியில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். உலகநாதன் அப்படிக் குனிந்ததே கிடையாது. வண்டியை ஆஃப் செய்துவிட்டு நின்றார்.

"எல்லாரும் போகத்தான செய்யாங்க. நீங்களும் ஒரு எட்டுல போயி வாங்கிட்டு வந்திருங்க, நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்," என்றாள் வடிவு.

"கேட்டு போட்டிருக்குல்லா?"

"போட்டிருந்தா என்ன? இந்த ஊருக்கு வந்து நடுரோட்டுல நிக்கணும்னு எனக்கு வேண்டுதலா? போங்க."

அவர் குனிந்தார். பழக்கமில்லாததால் முதுகு கம்பியில் இடித்தது. தோளில் கிடந்த பச்சைத் துண்டைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் ஏறினார். அவர் கடைக்குள் நுழையும்போது வண்டி வந்தது.

நடக்கிற வேகத்தில்தான் வந்தது. பழுப்புப் பெட்டி, அதன் பின்னால் ஒரு பழுப்புப் பெட்டி, அதன் பின்னால் இன்னொன்று. எட்டு மணி வரை ஜனங்கள் பெட்டியை எண்ணினார்கள், ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டினார்கள், பத்து மணிக்கு அவரவர் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா என்று யோசித்தார்கள். கேட் கீப்பர் தேவசகாயம் போன் போட்டுக் கேட்டதற்கு, "வண்டி இன்னும் முழுசா வரலையேப்பா," என்று பதில் வந்தது. வாஸ்தவம்தான், முழுதாக வரவில்லை.

மறுநாள் அடுத்த ஊர்க் கேட்டைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் அங்கேயும் அதே வண்டி போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்னும் தூரம் போனவர்கள் இன்னும் தாமதமாகத் திரும்பினார்கள். துணிச்சல்காரர்கள் பெட்டி மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள். குதித்தால் இந்தப் பக்கமே இருந்தது. உலகநாதனும் மேற்கிலிருந்து அப்படி ஏறிக் குதித்துப் பார்த்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் குதித்தார், ஒவ்வொரு தடவையும் மேற்கிலேயே இறங்கினார். போன் அடித்தால் மணி போயிற்று, எடுத்தால் பெட்டிகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மாதம் இதைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு ஆடி மாதம் வந்துவிட்டது, வேறு வேலை இருந்தது.

ஆலஞ்சேரி எதையும் சகித்துக்கொள்ளும் ஊர். பெரிய ஆஸ்பத்திரி கிழக்கில் மாட்டிக்கொண்டது, சுடுகாடு மேற்கில் மாட்டிக்கொண்டது. அதனால் மேற்கில் புதிதாக ஒரு நர்சிங்ஹோம் திறந்தார்கள், கிழக்கில் புதிதாக ஒரு சுடுகாடு திறந்தார்கள், இரண்டுக்கும் ஒரே மந்திரி வந்து, இல்லை, இரண்டு மந்திரிகள் வந்து, தனித்தனியாக ரிப்பன் வெட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பு கிழக்கிலும் கணக்கு வாத்தியார் மேற்கிலும் நின்றுபோனதால் ஒரு தலைமுறை கணக்கில் சுமாராகவே வளர்ந்தது. திருவீதி உலா போன உற்சவர் மேற்கில் நின்றுவிட்டார், மூலவர் கிழக்கில் கருவறையில் இருந்தார். குருக்கள் தினமும் அரைப்பாலத்தின் நுனியில் ஏறி நின்று, காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சாமிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கற்பூரம் காட்டினார். மேம்பாலத்தின் நடுத்துண்டைக் கட்டிவிடலாமே என்று மனு கொடுத்தவர்களுக்கு, வண்டி ஓடும்போது மேலே வேலை செய்யக்கூடாது என்பது விதி என்று பதில் வந்தது. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு அரைப்பாலத்திலும் கூட்டம் கூடும். நடுவில் இருந்த இடைவெளியில் முகம் தெரியாது, ஆள் தெரியும், கத்தினால் குரல் கேட்கும். அம்மாக்கள் இங்கிருந்து கத்தினார்கள், மகன்கள் அங்கிருந்து கத்தினார்கள். நிச்சயதார்த்தங்கள் கத்தியே முடிந்தன. முதல் சில மாதம் ஒரே இரைச்சலாக இருந்தது. பிறகு வரிசை வைத்துக்கொண்டார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தார்கள். நாள் போகப்போகப் பலருக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. உறவு என்பது அப்படித்தான். கடைசியில் தினமும் தவறாமல் வந்தவர்கள் குருக்களும் உலகநாதனும் வடிவும்தான். வடிவின் பேச்சைக் கேட்க மட்டும் இரண்டு பக்கமும் கூட்டம் வந்தது.

"வடிவூ... பூட்ட இழுத்துப் பாத்தியா?" என்று பச்சைத் துண்டை ஆட்டிக்கொண்டு உலகநாதன் ஆரம்பிப்பார்.

"பாத்தேன்."

"எத்தன தடவ?"

"மூணு தடவ. துருப்பிடிச்ச பூட்டு, அதுக்கே வலிச்சிருக்கும்."

"புதுப் பூட்டு இங்க எங்கிட்டத்தான் இருக்கு. கொண்டு வந்திருதேன்."

பிறகு அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது. அவள்தான் பேச வேண்டும். பேசுவதற்கு விஷயம் வேண்டுமே என்றுதான் வடிவு இந்தப் பிடிக்காத ஊருக்குள் நடக்க ஆரம்பித்தாள். காலையில் பணியாரம் சுட்டு விற்பாள், பதினோரு மணிக்குக் கிளம்பினால் ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று போய்வருவாள். எந்த வீட்டில் கறிவேப்பிலை மதிலைத் தாண்டித் தொங்குகிறது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் மழைக்கு முன்னால் முனகும், லாரித் தண்ணீர் வராத நாளில் எந்த அபார்ட்மெண்டில் முதலில் சண்டை வரும், அஞ்சாவது குறுக்குத் தெருவுக்கு அப்புறம் ஏன் ஏழாவது குறுக்குத் தெரு வருகிறது என்பதெல்லாம் அங்கேயே பிறந்தவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கேட்பதற்காகச் சேர்த்தாள். சேர்க்கச் சேர்க்க ஊர் அவளோடு ஒட்டிக்கொண்டது.

அவரும் மெல்லப் பேசப் பழகினார். கடைக்கு மேலே அன்சாரி பாய் ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருப்பதையும், கேட்டிலிருந்து மாவு மில், மாவு மில்லிலிருந்து வேப்பமரத்துப் பிள்ளையார், பிள்ளையாரிடம் இடது பக்கம் திரும்பினால் மிச்சமிருக்கிற ஏரி, ஏரிக்கரையில் சைக்கிள் கடை ஏழுமலை போட்டுவைத்திருக்கும் பெஞ்சு என்று தன் பாதியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இருபது வருஷத்தில் பேசாததை அவர் அந்த நாலு வருஷத்தில் ஊரே கேட்கப் பேசினார்.

"ஊரு பிடிச்சிருக்கா வடிவு?" என்று ஒருநாள் கேட்டார்.

"பாதிதான பாத்திருக்கேன். மீதியப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

இரண்டு பாலத்திலும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, துண்டு அப்படி ஆடியது. ஆனால் வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், போங்க என்று நான்தானே சொன்னேன், குனியத் தெரியாத மனுஷனைக் குனிய வைத்தது நான்தானே என்று அவள் நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை அவர் பக்கத்தில் போய் நின்று அதைச் சொல்லிவிட வேண்டும். ஊர் கேட்கக் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது?

ஐந்தாவது மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்து நின்று, பூட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, மீதி நேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒருநாள் வரவில்லை. மறுநாள் மத்தியானம் மேற்கிலிருந்து சங்குச் சத்தம் வந்தது. வடிவு பணியாரச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பாலத்தில் ஏறிப் பார்த்தாள். ஹார்டுவேர் கடையின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது, பக்கத்துக் கடைகளும் அப்படியே இருந்தன. யாருக்கும் அவளைப் பார்த்துக் கத்தத் தைரியம் வரவில்லை.

ஆறு மணிக்குப் பச்சைத் துண்டு வந்தது. அவள் உயிர் ஒரு நிமிஷம் திரும்பி வந்தது.

"வடிவூ... தொண்ட கட்டிக்கிச்சு," என்று ஒரு குரல் கரகரவென்று கத்தியது. "காய்ச்சலு கொறஞ்சுடுச்சு. நீ சாப்டியா?"

ரயில் போய்க்கொண்டிருந்தது. அவளைச் சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தேவசகாயம் கீழே கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிட்டாயா என்று எந்தப் புருஷனும் கேட்கத்தான் கேட்பான் என்று பாவம் மேற்கே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. வடிவுக்கு அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தெரிந்துபோயிற்று.

அழுதால் இந்தப் பக்கத்தார் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தார் பார்த்தால் அந்தப் பக்கத்துக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் நாளைக்கு அந்தத் துண்டு வராது, அதன் பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கத்த அவளுக்கு யாரும் இல்லை, தெருத்தெருவாகச் சேர்த்துவைத்த ஊரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"சாப்ட்டேன்," என்று கத்தினாள். "ரசம் வச்சேன். நீங்க?"

வீட்டுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். அவள் அழுதது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மேற்கே முறை வைத்து வந்தார்கள். துண்டு ஒன்றுதான், ஆள் மாறினார்கள். ஒருவருக்கு அம்பாசமுத்திரத்துப் பேச்சு ஓரளவு வந்தது, ஒருவர் 'என்னளா' என்று அளவுக்கு மீறிப் போய்விட்டார். ஒருவர் அவள் சொல்வதற்கெல்லாம் சத்தமாகச் சிரித்தார். உலகநாதன் சிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஒருநாள் ஆண்களெல்லாம் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் போல, ஒரு பெண் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, வாயைத் திறக்காமல் இருமிக்கொண்டே நின்றாள். வடிவு அன்றைக்குக் கடைவீதியில் வந்திருக்கிற ஜாக்கெட் துணிகளைப் பற்றி நெடுநேரம் சொன்னாள். எதிரில் இருமல் நின்று, தலை ஆர்வமாக ஆடியது. வாய் திறந்த எல்லாருமே மறக்காமல் கேட்டது மட்டும் அதே கேள்வி: சாப்டியா? கிழக்கில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், மேற்கில் எல்லாருக்கும் தெரியும், அவள் ஒருத்திக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறோம் என்று ஒரு நகரமே இரண்டு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் வருஷம் தை மாதத்தில், ஒரு புதன்கிழமை மத்தியானம், வண்டி முடிந்தது. கடைசிப் பெட்டியில் கார்டு ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்பச் சாதாரணமாகப் பச்சைக் கொடியைக் காட்டிக்கொண்டு போனார். தேவசகாயம் எண்ணெய் போட்டு, தட்டி, நெம்பி, கேட்டைத் தூக்கினான். இரண்டு பக்கமும் ஜனங்கள் கூடினார்கள். யாரும் தாண்டவில்லை, நின்ற பழக்கம் அப்படி. முதலில் ஒரு எருமை தாண்டிப் போயிற்று.

பிறகு வடிவு வீட்டுக்குப் போனாள். முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தண்டவாளத்தைத் தாண்டினாள். இந்தத் தடவை யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை.

எதிரில் ஒரு கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. முன்னால் தாடி நரைத்த ஒரு பெரியவர், துவைத்து மடித்த பச்சைத் துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் கிரீஸ் கறையோடு ஒரு இளைஞன்.

"அண்ணி," என்றான் அவன். "நான் ஏழுமலை. சைக்கிள் கட. மன்னிச்சிக்குங்க. அண்ணன்..."

"தெரியும்ப்பா."

"யார் சொன்னாங்கம்மா?" என்றார் பெரியவர்.

குரலைக் கேட்டதும் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் அன்சாரி பாயா? செவ்வாய்க்கிழமை வருவீங்க."

"செவ்வாயும் வியாழனும்," என்றார் பாய். சொல்லிவிட்டுத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுக கலியாணமான நாள்லருந்து என்னய ஒரு நாளும் சாப்டியான்னு கேட்டதில்ல பாய். நீங்க மொத நாள் கேட்டீங்கள்லா, அப்பமே தெரிஞ்சுபோச்சு."

கூட்டத்தில் இருந்த ஒரு பெண் இருமினாள். நிஜ இருமல் இல்லை. ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பவே தெரியும்னா ஏன் அண்ணி சொல்லல? நாங்க ரெண்டு வருஷமா பயந்து பயந்து..." என்றான்.

வடிவு பாயின் கையில் இருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"கேக்க நல்லா இருந்துச்சு," என்றாள்.

அறையைக் காட்டுகிறோம் என்று அவர்கள் நகர்ந்தார்கள். அவள் வேறு பக்கம் திரும்பினாள். மாவு மில்லைத் தாண்டி, வேப்பமரத்துப் பிள்ளையாரிடம் ஒரு குட்டுப் போட்டுக்கொண்டு, இடது பக்கம் திரும்பி, வந்தே இராத தெருக்களில் யாரையும் வழி கேட்காமல் போனாள். மேற்கு ஆலஞ்சேரி அவள் பின்னால் நடந்தது. ஏரிக்கரையில் பெஞ்சு இருந்தது, அவர் சொன்னபடி ஒரு கால் கட்டை. தண்ணீர் ஓரத்தைக் காட்டி, "இங்கதான் அஸ்திய கரைச்சோம் அண்ணி," என்றான் ஏழுமலை. மற்றவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு அவள் மட்டும் படியில் இறங்கி, கணுக்கால் நனைய நின்று, போங்க என்று தான் சொன்னதைப் பற்றி அவரிடம் மெல்லப் பேசினாள். என்ன பேசினாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. கதவில் அந்தப் பித்தளைப் பூட்டு தொங்கியது. அன்சாரி பாய் சாவியைக் கொடுத்தார். உள்ளே ஒரு ஆளுக்கான இடம்தான். ஆனால் தட்டு இரண்டு இருந்தது, டம்ளர் இரண்டு, கோரைப்பாய் இரண்டு, அதில் ஒன்று சுருட்டியது பிரிக்காமல் கடைக் கயிற்றோடு இருந்தது. அவள் எதையும் எடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். நாலு படி இறங்கினாள், திரும்பி ஏறிப் போய் இழுத்தாள். தெருமுனை வரை போனாள், ஜனங்கள் வழிவிட, மறுபடியும் வந்து இழுத்தாள்.

ஆறு மணி ஆகியிருந்தது. நேரத்தின் பழக்கமோ என்னவோ, படிக்கட்டின் கீழே நின்ற அன்சாரி பாய், அவளைப் பார்த்ததும் செவ்வாய்க்கிழமைக் குரலில், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தானா என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் இல்ல," என்றாள் வடிவு.

அதைச் சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். இனி யார் காதில் விழுந்தாலும் பயமில்லை என்பதால் சத்தம் போட்டே அழுதாள்.